பத்தரை மணி, அவைலபிள்

அண்ணனுடைய இயர்போனில் இடது காது எனக்கு, வலது காது அவருக்கு. கறுப்பு ஒயர். இடது பக்கத்து ரப்பர் எப்போதோ கழன்று தொலைந்துபோய், வேறு எதிலிருந்தோ பிடுங்கிய வெள்ளை ரப்பரை அதில் மாட்டி வைத்திருந்தார். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் விடிகாலை ரயிலில், பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் சீட்டாடுவார்கள். நாங்கள் இருவரும் ஒரே ஒயரில் மாட்டிக்கொண்டு, நான் முந்தின நாள் எழுதிய வெப் பக்கத்தை அவர் போன் வாசிக்கக் கேட்டபடி போவோம். ஜன்னலோர இடத்தை எனக்குத்தான் கொடுப்பார். "எனக்கு எதுக்கு ஜன்னலு, நீ குந்து" என்பார். அந்த வாசிப்புக் குரலை அவர் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு முதலில் ஒரு இழவும் புரியவில்லை. ஏலக்கடைக்காரன் போலக் கடகடவென்று ஓடும். "உனக்காக ஸ்லோவா வெக்கிறேன், இல்லேன்னா பெங்களூரு வந்துரும், நீ முதல் பட்டன்லயே நின்னுக்கினு இருப்ப" என்று கிண்டல் செய்துகொண்டே வேகத்தைக் குறைப்பார்.

அவர் என் பெரியம்மாவின் மகன். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் சுரங்க ஆட்களுக்குக் கட்டிய ஒரே லைன் வீடுகளில், நடுவில் மூன்று கதவுகள். பார்வை இல்லாத அண்ணன் என்றதும் அடக்கமான, சாந்தமான ஆள் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால் அது என் குற்றமல்ல. அவர் வாய் அடங்காது. சட்டை இஸ்திரி போட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பார், ஒரு மடிப்பு தட்டுப்பட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு கேட்பார். கடைத்தெருவில் யாராவது பரிதாபப்பட்டுக் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைக்க வந்தால், கையை உதறிவிட்டு, "நீங்க புடிக்காதீங்க, உங்க தோளை நான் புடிச்சிக்கிறேன். எப்ப விடணும்னு எனக்குத் தெரியும்" என்பார். அதெல்லாம் பெரியம்மாவின் வளர்ப்பு. சோற்றைப் பிசைந்து ஊட்ட வந்த சொந்தக்காரர்களைப் பெரியம்மா விரட்டி அடித்திருக்கிறார். "உனக்கு இன்னாடா கொறைச்சல்" என்பதுதான் அவர் மகனிடம் அதிகம் சொன்ன வார்த்தையாக இருக்க வேண்டும். விழுந்தாலும் அதைத்தான் சொல்வார், பரீட்சையில் பாஸானாலும் அதையேதான் சொல்வார். அண்ணன் டிகிரி முடித்தார், கம்ப்யூட்டர் படித்தார், வேலைக்கு ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் காபி கொடுத்து, கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். "காபி மட்டும் எல்லா ஊர்லயும் நல்லாதான் கீது" என்று வந்து சொல்வார்.

நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு ஆஸ்பத்திரியின் வெப்சைட் வேலை வந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் சைட். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. பார்வையற்றவர்களும் தாங்களாகவே பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், அப்படி ஒருவரே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. எங்கள் டீம் லீட் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். எல்லோரையும் ப்ரோ என்று கூப்பிடுவார். என்னையும்தான். "அப்படி யாரையாவது தெரியுமா ப்ரோ?" என்று பொதுவாகக் கேட்டார். நான் அண்ணனைச் சொன்னேன். மறுவாரமே அண்ணன் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. ஒப்பந்த வேலைதான், ஆனால் சைட் நல்லபடியாகப் போனால் நிரந்தரம் என்று டீம் லீட் எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த அட்டையை அண்ணன் ரயிலிலும் கழற்றமாட்டார். திரும்பி வரும்போது ஸ்டேஷனிலிருந்து வீடு வரை கடைத்தெரு வழியாக வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வருவார். எனக்குக் கால் வலிக்கும், ஆனாலும் கூடவே நடந்தேன். அந்த நடையைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அந்த வேலை என்னவென்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். திரையில் நேரங்கள் சிறு சிறு பட்டன்களாக வரிசையாக இருக்கும். பத்து மணி, பத்தேகால், பத்தரை. இடம் இருந்தால் பச்சை, நிரம்பிவிட்டால் சாம்பல். கண்ணால் பார்ப்பவருக்கு நிறமே போதும். பார்க்க முடியாதவருக்காக ஒவ்வொரு பட்டனின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பை எழுதி வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு அட்ரிபியூட் என்று பெயர். போன் அதைத்தான் வாசித்துச் சொல்லும். இப்போதெல்லாம் பட்டன்களைத் தனித்தனியாக எழுதுவதில்லை. ஒரு பட்டனைக் கம்போனென்ட் என்று ஒரே ஒரு முறை எழுதி வைத்து, அதையே எல்லா நேரத்துக்கும் போட்டுக்கொள்வோம். அதனால் அந்தக் குறிப்பையும் கையால் எழுதி வைக்கக்கூடாது, உள்ளே இருக்கும் தகவலோடு கட்டி வைக்க வேண்டும். இடம் காலியாக இருக்கிறது என்று தகவல் சொன்னால் குறிப்பு அவைலபிள் என்று இருக்கும். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து அந்த இடத்தைப் பதிவு செய்த நொடியில் தகவல் மாறும், கூடவே நிறமும் மாறும், குறிப்பும் ஃபுல் என்று தானாக மாறிவிடும். நான் அப்படித்தான் எழுதினேன். முதல் முறை அது வேலை செய்தபோது நாங்கள் ரயிலில் இருந்தோம். அண்ணன் பத்தரை மணியை அமுக்கினார், பதிவு செய்தார், திரும்பி வந்து அதே பட்டனைத் தொட்டார். குரல் ஃபுல் என்றது. மறுபடி தொட்டார். ஃபுல். "பார்றா, கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுது" என்று சிரித்தார். எதிரே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆபீஸில் ஒருநாள் இந்தக் குறிப்பெல்லாம் இவ்வளவு முக்கியமா என்று டீம் லீட் சலித்துக்கொண்டார். அண்ணன் தன் அப்பாவின் கதையை எடுத்தார். பெரியப்பா தங்கச் சுரங்கத்தில் பெல் அடிக்கிற வேலை பார்த்தவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜை மேலே இருந்து இயக்குகிற டிரைவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. கேஜில் ஆள் நிற்கிறார்களா, கல் நிற்கிறதா என்பதை அவருக்குச் சொல்வது பெல் மட்டும்தான். ஆளுக்கு ஒரு மாதிரி மணி, கல்லுக்கு வேறு மாதிரி மணி. ஆள் என்றால் மெதுவாக இழுப்பார், கல் என்றால் வேகமாக இழுத்துவிடுவார். "ஆளு ஏறி நிக்கிறப்ப கல்லுன்னு எங்கப்பா பெல் அடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும், சொல்லுங்க சார்" என்று அண்ணன் கேட்டார். டீம் லீட், "சூப்பர் ஸ்டோரி ப்ரோ, இதை கிளையன்ட்டுக்கு பிரசன்டேஷன்ல போடலாம்" என்றார். போட்டார்கள். சுரங்கப் படத்துடன், பெரிய எழுத்தில்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பதற்கு முந்தின நாள் ஒரு சிக்கல் வந்தது. நேரங்கள் முதலில் வந்துவிடும், எந்த இடம் நிரம்பியது என்ற தகவல் சற்றுத் தாமதமாக வரும். அந்த இடைவெளியில் குறிப்பில் போடுவதற்கு எதுவும் இல்லாததால், "பத்தரை மணி, அன்டிஃபைன்ட், பட்டன்" என்று குரல் உளறியது. தகவல் வரும்வரை காத்திருக்கச் சொல்லி எழுதிவிட்டால் போதும், அரைநாள் வேலை, கொடுங்கள் என்று கேட்டேன். டீம் லீட்டுக்குப் பொறுமை இல்லை. என் இடத்தில் உட்கார்ந்து, நேரத்தை மட்டும் தகவலிலிருந்து எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் அவைலபிள் என்ற வார்த்தையை அப்படியே ஒட்டிவிட்டார். இனி எந்தப் பட்டனைத் தொட்டாலும், இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவைலபிள்தான். "இது பொய் சொல்லும்" என்றேன். "டெமோ முடியட்டும் ப்ரோ, மாத்திக்கலாம்" என்றார். அந்த வார்த்தையை எங்கள் தொழிலில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. டெமோ முடிந்த பிறகு எதையாவது மாற்றிய ஒரு மனிதரை இதுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கோட்டு போட்டவர்கள் சுற்றி நிற்க, போனை ஸ்பீக்கரில் வைத்து, டாக்டரைத் தேடி, பத்தரை மணியைப் பிடித்து, பதிவு செய்து முடித்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் தொட்டதை மறுபடி தொட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். தொட்டார். அவைலபிள் என்றது குரல். அவர் முகம் மாறியது. "இப்பதான் நான் புக் பண்ணேன். இன்னும் அவைலபிள்னு சொல்லுது. இது தப்பு சார்" என்று ஆங்கிலத்திலும் ஒருமுறை சொன்னார். டீம் லீட், "இது டெமோ டேட்டா சார், லைவ்ல சரியா வரும்" என்றார். வந்திருந்தவர்களில் மூத்தவர், பாருங்கள், எவ்வளவு கூர்மையான ஆள், இப்படிப்பட்டவர் சோதித்ததுதான் நமக்கு வேண்டும் என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அண்ணனும் சிரித்தார். அவர் சொன்ன தப்பு அந்தக் கைத்தட்டலுக்கு அடியில் போய்விட்டது. எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒருவர்கூட வெட்கப்படவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

நான் அந்தத் தப்பை எழுத்தில் பதிந்தேன், கூட்டத்திலும் சொன்னேன். சில நாட்களில் அந்தப் புகார் சரிசெய்யப்பட்டது என்று குறித்து மூடப்பட்டது. நான் திறந்து பார்ப்பதற்குள் என்னை வேறு வேலைக்கு மாற்றியிருந்தார்கள், அந்தச் சைட்டின் உள்ளே போகும் அனுமதியும் போய்விட்டது. மூடியது எப்படி என்று பிறகுதான் தெரிந்தது. சைட்டைச் சோதித்து மார்க் போடும் மென்பொருள் ஒன்று உண்டு. ஒவ்வொரு பட்டனிலும் குறிப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். குறிப்பு சொல்வது உண்மையா என்று அதற்கு எப்படித் தெரியும்? முழு மார்க் போட்டுவிட்டது. அந்த மார்க்கையே ஆதாரமாக வைத்து மூடிவிட்டார்கள். அதே மென்பொருளைக் காட்டித்தான் அண்ணனின் ஒப்பந்தத்தையும் நீட்டிக்கவில்லை. எல்லாமே ஆட்டோமேட்டிக்காக நடக்கிறதாம், ஆள் தேவையில்லையாம். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். "இங்க காபி இல்ல, கேக்கு" என்று அண்ணன் ரயிலில் சொன்னார்.

ஆனாலும் அந்தச் சைட்டின்மேல் அவருக்குக் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. பக்கத்தின் அடியில் ஒரு பச்சை டிக் போட்டு, பார்வையற்ற பயனரால் சோதிக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். டீக்கடையில், சர்ச் வாசலில், யாரைப் பார்த்தாலும் போனை நீட்டி அந்த வரியை வாசிக்க வைப்பார். "அது நான்தான். நான் தப்பு சொல்லி, அத்த சரி பண்ணி, அப்பால வுட்டாங்க" என்பார். சரிசெய்யப்பட்டது என்று குறித்திருந்ததை நானும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்குச் சொல்லப்பட்டது அதுதானே.

பெரியம்மாவுக்கு இருமல் விடவில்லை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் தெருவே இருமும், ஆனால் இது அப்படிப்பட்டதாக இல்லை, மூச்சு இழுத்தது. பெங்களூரில் நுரையீரல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த டாக்டர் இருந்தது அதே ஆஸ்பத்திரியில். நான் போட்டுத் தருகிறேன் என்றதற்கு, "ஏன், எனக்குக் கை இல்லியா? என் சைட்டு அது" என்றார் அண்ணன். தானே போட்டார். பத்தரை மணி, அவைலபிள் என்றது. அமுக்கினார், ஓகே கொடுத்தார், கோரிக்கை கிடைத்தது என்று மெசேஜும் வந்தது. அம்மாவை அவர் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். பெரியம்மாவும் தெருவெல்லாம், "என் புள்ள போட்ட டோக்கன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஏறினால், அதே பெட்டியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா முந்தானையால் வாயை மூடி இருமிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு பெரியம்மா?"

"டாக்டரை எங்க பாத்தோம். பேரே இல்லியாம். காலைலேர்ந்து பெஞ்சில குந்திக்கினு இருந்து, இப்பதான் எழுந்து வர்றோம்."

பத்தரை மணி இடம் முன்பே நிரம்பியிருந்திருக்கிறது. நிரம்பிய இடத்தை அமுக்கினால் சைட் ஒருவரைக் காத்திருப்போர் வரிசையில் போட்டுவிடும். அதைத் திரையில் சிவப்பு எழுத்தில் காட்டும், ஆனால் வாயைத் திறந்து சொல்லாது. கவுன்ட்டரில் இருந்த பெண், சிவப்பில் அவ்வளவு தெளிவாகப் போட்டிருக்கிறதே, பார்க்கவில்லையா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். அவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டாளா, பார்க்காமல் கேட்டாளா தெரியாது.

அண்ணன் இயர்போனை எடுத்து இடது பக்கத்தை என்னிடம் நீட்டினார். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு நேரமாகத் தொட்டார். பத்து மணி, அவைலபிள். பத்தேகால், அவைலபிள். பத்தரை, அவைலபிள்.

"ஸ்கிரீன்ல இன்னா கீது?" என்று கேட்டார்.

"எல்லாம் சாம்பல் கலர்ண்ணா. ஃபுல்லு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல."

"சொன்னண்ணா."

பெரியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இந்தப் பட்டனும் குறிப்பும் ஒன்றும் புரியவில்லை. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்த அசதி, பசி, இருமல். கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். "கண்ணு தெரியிறவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுப் போட்டிருக்கலாமேடா."

அவர் வாழ்நாளில் மகனிடம் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒரே வார்த்தை அது. அண்ணன் காதிலிருந்து தன் பக்கத்தைக் கழற்றினார், என் பக்கத்துக்காகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார், ஒயரை விரலில் சுற்றினார். பிறகு அத்தனையையும் என் கையில் வைத்து, "நீயே வெச்சிக்கோ" என்றார். ஊர் வரும் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டீம் லீட்டிடம் போய்ச் சண்டை போட்டேன். நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், கத்தியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மார்க் முழுசா இருக்கே ப்ரோ, இது எட்ஜ் கேஸ், அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் என்றார். எப்போதாவது, யாருக்காவது மட்டும் வரும் சிக்கலை எட்ஜ் கேஸ் என்று சொல்வோம். யாருக்காக அந்தப் பட்டனில் குறிப்பே எழுதினார்களோ அவர் எட்ஜ் கேஸாம். யார் பெயரைச் சொல்லி வேலையை வாங்கினார்களோ, யாருடைய அப்பாவின் பெல்லைப் படம் போட்டுக் காட்டினார்களோ அந்த ஆள் எட்ஜ் கேஸாம். நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். அதனால் அவர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. டீம் லீட் இப்போது மேனேஜர் என்று கேள்வி.

பெரியம்மாவைப் பிறகு நான் போனில் பேசி நேரம் வாங்கிக் கூட்டிப்போய்க் காட்டினேன். இப்போது இன்ஹேலர் மருந்தை உறிஞ்சிக்கொண்டு பரவாயில்லாமல் இருக்கிறார். "அந்த வாயை அன்னிக்கு நான் மூடிக்கினு இருந்திருக்கணும்" என்று என்னிடம் ஒருமுறை அழுதார். மகனிடம் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. "உனக்கு இன்னாடா கொறைச்சல்" என்பதையும் இப்போதெல்லாம் அவர் சொல்வதில்லை. சொன்னால் எப்படிக் கேட்குமோ என்று பயம்.

தன் போனை யாராவது தொட்டால் கையைத் தட்டிவிடுகிற மனிதர், இப்போது கரண்ட் பில்லானாலும் ரயில் பாஸானாலும் மூன்று கதவு தாண்டி என் வீட்டுக்கு வருகிறார். போனை நீட்டி, "இந்தா, நீயே பாத்துப் போட்டுடு" என்கிறார். இந்தச் சைட் நல்லாதான் வாசிக்குதுண்ணா, நீயே போடு என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "நீ பாத்துட்டியா? அப்ப சரி" என்பார். கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. இஸ்திரி போடாத சட்டையோடு வருகிறார். அவர் கத்தினால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இயர்போன் என் பையில்தான் இருக்கிறது. வேறு கம்பெனி, அதே ரயில். சில காலைகளில் பங்காருப்பேட்டை தாண்டியதும் அந்த வெள்ளை ரப்பரைக் காதில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி சைட்டைத் திறக்கிறேன். மாற்றியிருப்பார்களோ என்று பார்க்கத்தான். திரையில் வரிசை முழுக்கச் சாம்பல். பத்தரை மணி, அவைலபிள், பட்டன் என்கிறது குரல். அண்ணனுடைய வலது காதுப் பக்கம் என் மடியில் கிடந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கும். விரலைக் கீழே கீழே நகர்த்திக்கொண்டு போனால் பக்கத்தின் அடியில் அந்தப் பச்சை டிக் வரும். பார்வையற்ற பயனரால் சோதிக்கப்பட்டது என்று குரல் நிதானமாக வாசிக்கும். அந்தப் பக்கத்திலேயே அது ஒன்றுதான் உண்மை.